பச்சைப் பொத்தானும் பெருங்காய டப்பாவும்

கிடார் என் மடியில்தான் இருந்தது. கை அதன்மேல் சும்மா கிடந்தது. ஆனால் மாடி முழுக்கக் கிடார் சத்தம் கேட்டது.

பாளையங்கோட்டையில் அருணாசலம் அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒத்திகை. எங்கள் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் ஸ்டீபன் சார், பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். புதிதாக வாங்கிய கீபோர்டைப் பெண்பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் துணியை விலக்கிக் காட்டினார். பிறகு நாற்பத்தொன்று என்ற எண்ணைத் தட்டிவிட்டு, நான் வழக்கமாக வாசிக்கும் பிட்டை அப்படியே வாசித்தார். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. எனக்கு இரண்டு தப்பும்.

அண்ணாச்சி கீபோர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய், கீழே தெருவில் நின்ற வேனைப் பார்த்தார். அந்த வேனில் ஏழு பேர் உட்காரலாம். நாங்கள் எட்டுப் பேர். எட்டாவது ஆளான நான் ஸ்பீக்கர் பெட்டிமேல் குத்தவைத்துத்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

"சங்கரு, தப்பா நினைக்காதீரும். கிடாரு இதுலயே வருதே வே."

"இது கிடார் இல்ல அண்ணாச்சி. கிடார் மாதிரி."

"நீரும் ரெக்கார்டு மாதிரிதானே வாசிக்கீரு?"

தபேலாக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தபேலாவுக்குப் பவுடர் போடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி பகலில் பாத்திரக்கடை முதலாளி, ராத்திரியில் எங்கள் குழுவுக்கு முதலாளி. தட்டிப் பார்த்து வாங்குவதுதான் அவர் வழக்கம். தீர்ப்பும் அப்படியே வந்தது. "ஆழ்வார்திருநகரிக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் கொடை வருதுல்லா. அதுல ஒரு பாட்டுக்கு நீரு வாசியும். அடுத்த பாட்டுக்கு சார் வாசிக்கட்டும். சனம் எதுக்கு ஆடுதோ அத வச்சுக்கிடுவோம்."

ஆக, கொடைக்குப் பிறகு எனக்கு ஸ்பீக்கர் பெட்டிமேல்கூட இடம் இருக்குமா என்பது சந்தேகமாகிவிட்டது.

குழந்தை அழுதால் வா-வா

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதில், பெண்வீட்டுச் சாப்பாட்டில் அவியல் சுமார் என்று ஒரு வரி வந்துவிட்டது. அதனால் இந்த வாரம் எங்கள் வீட்டில் அவியலே கிடையாது. ஆகவே குடும்பத்தை விட்டுவிட்டுப் பெடல்களைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்தேன். பெடலும் கடைசியில் குடும்பத்தில்தான் போய் முடிகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மின்சாரக் கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் ஒரு சின்னப் பெட்டி கிடக்கும். காலால் அமுக்கினால் கிடார் சத்தத்தின் குணம் மாறும். கரகரக்கும், குழையும், எதிரொலிக்கும். அதுதான் பெடல். வெளிநாட்டில் ஒவ்வொரு கிடார்காரனும் இவற்றை மாற்றி மாற்றி அடுக்கி, தனக்கென்று ஒரு சத்தத்தைத் தேடிக்கொள்வானாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், "இது இன்னார் வாசிப்பு" என்று சொல்லிவிடலாமாம்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. மேடையைப் பார்க்காத ஒரு ஆள், எங்கோ நாலு தெரு தள்ளி நின்றுகொண்டு, குழாய் ஸ்பீக்கரில் வரும் சத்தத்தைக் கேட்டு, "சங்கரன் வாசிக்கான்" என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு ஆள் போதும். ஆனால் மெல்லிசைக் குழுவில் சொந்தச் சத்தம் என்பது குற்றம். ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படி வாசிக்கவேண்டும். ஊரார் பாராட்டும்போதும், "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு வே" என்றுதான் பாராட்டுவார்கள். நன்றாக வாசித்தால் நான் வேறு யாரோ. மோசமாக வாசித்தால்தான் நான் நான்.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது? முதலில் எதிரொலிப் பெடல் ஒன்று வாங்கினேன். ஒரு தடவை மீட்டினால் மூன்று தடவை கேட்கும். அதை ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தபோது, பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார். "தம்பி, ஒரு தடவ வாசிச்சாப் போதும். எங்களுக்கெல்லாம் காது நல்லாத்தான் கேக்கு" என்றார்.

அடுத்தது வா-வா பெடல். காலால் முன்னும் பின்னும் அசைத்தால் கிடார் "வா... வா..." என்று அழும். அப்போது எங்களுக்குக் கைக்குழந்தை. நான் பயிற்சி செய்தால் என் மனைவி செண்பகம் அடுப்படியிலிருந்து, "பிள்ள அழுவுது, தொட்டில ஆட்டுங்க" என்பாள். பிள்ளை உண்மையிலேயே அழுதால், "போதும், நிறுத்துங்க அத" என்பாள். ஒரு நாள் பிள்ளை அரை மணி நேரம் அழுதிருக்கிறது. இரண்டு பேரும் போகவில்லை. அன்றைக்கே அந்தப் பெடல் பரணுக்குப் போனது.

ஐந்து ஹெச்.பி. பொத்தான்

மூன்றாவதாக வந்ததுதான் இந்தக் கதையின் நாயகன்.

செண்பகத்தின் அண்ணன் இசக்கிமுத்து மச்சான் நாங்குநேரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வயக்காட்டு மோட்டார் எரிந்துபோனால் சுத்துப்பட்டு ஊர்களெல்லாம் அவரிடம்தான் ஓடும். கரகரக்கும் பெடல் ஒன்று செய்யும் படத்தை அவரிடம் போனில் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா மாப்ள?" என்றார்.

மறுவாரமே கொண்டுவந்தார். உள்ளே இருந்த சமாச்சாரம் படத்தில் உள்ளபடியே இருந்தது. வெளிப்பெட்டிதான் பெரிய பெருங்காய டப்பா. கடைக்குப் பக்கத்தில் மளிகைக்கடை, அதனால் சும்மா கிடைத்ததாம். அதன் மூடியின் நடுவே, காலால் அமுக்கும் சுவிட்ச் இருக்கவேண்டிய இடத்தில், பச்சையாக, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு பொத்தான் உட்கார்ந்திருந்தது. வயலில் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடுவோமே, அந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் ஓடவும் மறுதடவை அமுக்கினால் நிற்கவும் உள்ளே ஏதோ மாற்றி வைத்திருந்தார்.

"என்ன மச்சான் இது?"

"படத்துல உள்ள சுச்சு சுண்டைக்காயாட்டம் இருந்துச்சு மாப்ள. ரெண்டு மாசம் மிதிச்சாப் போயிரும். இது அஞ்சு ஹெச்.பி. மோட்டாரு பொத்தான். நீங்க போனாலும் இது போகாது."

நல்லது சொல்லும்போதும் மச்சான் இப்படித்தான் சொல்வார்.

அமுக்கிப் பார்த்தேன். "டொக்" என்றது. மூடித் தகரம் ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தது. கிடார் சத்தம் என்னவோ நன்றாகவே கரகரத்தது.

வாழ்ந்து கெட்டவர்களைப் பெருங்காயம் இருந்த டப்பா என்பார்கள். நான் வாழ்வதற்கு முன்பே அந்த டப்பாவோடு மேடையேறினேன். ஏக வெட்கம். எப்போதும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, துண்டோடு சேர்த்து மிதிப்பேன். மேடை விளக்குச் சூட்டில் டப்பா காய்ந்தால் பெருங்காய வாசனை கிளம்பும். தபேலாக்காரர் மூக்கை உறிஞ்சி, "எங்கனயோ ரசம் தாளிக்காங்க" என்பார். நானும் சேர்ந்து நாலு பக்கமும் தேடுவேன்.

ஆனாலும் அதை மாற்றவில்லை. பாட்டில் கிடாருக்கென்று விட்டிருக்கும் இடம் வந்தால் ஒரு மிதி, முடிந்தால் இன்னொரு மிதி. இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

பூவை மிதிப்பதுபோல

நாற்பத்தொன்றாம் எண் வந்த பிறகு, இனிமேல் பெருங்காய டப்பா காப்பாற்றாது என்று முடிவு செய்தேன். வெளிநாட்டுப் பெட்டி ஒன்றுக்குச் சொல்லி வரவழைத்தேன். ஒரே பெட்டியில் எல்லாப் பெடலும் அடக்கம். நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். சுவிட்சைத் தொட்டால் போதும், சத்தமே வராது. பூவை மிதிப்பதுபோல் இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதித்தேன்.

மூன்று வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவேன். ஆபீஸிலும் மேசைக்கடியில் கால் தானாக அமுக்கிக்கொண்டிருக்கும். கரகரப்பில் கொஞ்சம், எதிரொலியில் கொஞ்சம், குழைவில் கொஞ்சம் என்று கூட்டி, குறைத்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது அமைந்துவிட்டது. மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஏறும்போது படித்துறையில் ஒரு உறுமல் கேட்கும் பாருங்கள், அந்த மாதிரி. எந்த ரெக்கார்டிலும் இல்லாத சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு என் பெயரையே வைத்துப் பெட்டிக்குள் சேமித்தேன்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். அலமாரிமேல் தூசியோடு கிடந்த தன் டப்பாவைப் பார்த்தார். கீழே விளக்கு எரியும் பெட்டியையும் பார்த்தார்.

"பயிருக்குத் தண்ணி போதும்னு மோட்டாரக் கழட்டிட்டியளா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கொடைக்குக் கிளம்பும் அன்று செண்பகம் என் பையில் டப்பாவைத் துண்டில் சுற்றி வைத்தாள். வேண்டாம் என்றேன். "எங்கண்ணன் செஞ்சது. வாசிக்காட்டாலும் ஒரு ஓரமாக் கிடக்கட்டும்" என்றாள். அவியல் விவகாரமெல்லாம் பின்னால் வந்தது என்றாலும், அண்ணன் விஷயத்தில் அவள் எப்போதுமே இப்படித்தான். நானும் பையைத் தூக்கிக்கொண்டேன்.

ஆற்றோரத்துக் கொடை

ஆழ்வார்திருநகரியைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு ஊர். சுற்றிலும் வாழை. ஆறு மணிக்கெல்லாம் கச்சேரி தொடங்கிவிட்டது. மேடைக்கு முன்னால் பாய் விரித்துப் பெண்கள், பின்னால் இரும்பு நாற்காலிகளில் பெரியவர்கள். ஓரத்தில் ஒரே மாதிரி சிவப்புத் துண்டு கட்டிய பதினைந்து இருபது பேர். வாழைத்தார் சுமக்கிற ஆட்கள். சுற்று வட்டாரத்தில் எங்கே கச்சேரி என்றாலும் வந்து ஆடுகிற கூட்டம் இது. எங்கள் தீர்ப்பு அவர்கள் காலில்தான் இருந்தது.

கூட்டம் எழுந்து ஆடும் பாட்டு ஒன்றை அண்ணாச்சி எடுத்தார். கிடார் இடம் வந்தது. சிவப்புத் துண்டுகள் முன்னால் வந்து, கையை உயர்த்தி, முட்டியை மடக்கித் தயாராக நின்றார்கள். நான் கண்ணை மூடி, பூவை மிதித்தேன்.

என் சத்தம் வந்தது. சனிக்கிழமை வந்த அதே சத்தம். மூன்று வார உழைப்பையும் அதில் கொட்டி வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தால், சிவப்புத் துண்டுகள் உயர்த்திய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஆடவில்லை. பஸ் வருமா வராதா என்று நிற்கும் முகம்.

உள்ளங்கால் வரைக்கும் எனக்கு வேர்த்துவிட்டது.

அடுத்த பாட்டு ஸ்டீபன் சாருக்கு. நாற்பத்தொன்றை அமுக்கி, ஒரு சுரம் தப்பாமல் வாசித்தார். அதே உயர்த்திய கை. அதே முகம். ஒருவர் மட்டும் அவசரப்பட்டு ஒரு குதி குதித்துவிட்டு, மற்றவர்கள் குதிக்காததைப் பார்த்து வெட்கப்பட்டு நின்றுகொண்டார். ஸ்டீபன் சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது. அதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

வராத ஆள்

ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதற்காகக் கச்சேரியைக் கொஞ்சம் நிறுத்தினார்கள். அப்போது சிவப்புத் துண்டுக் கூட்டத்தின் தலைவர், மாடசாமி என்று பெயர், மேடை ஓரம் வந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, டொக்கு வரலையா இன்னைக்கு?"

"யாருலே டொக்கு?"

"அதான் உங்க கிடாருக்காரரு. அவரு வாசிக்கதுக்கு முன்னால டொக்குன்னு ஒரு சத்தம் வரும்லா குழாயில? அதக் கேட்டதும் குதிப்போம். மறுபடி டொக்குனா நிறுத்திருவோம். இன்னைக்கு எப்ப குதிக்க, எப்ப நிறுத்தன்னே தெரியல. ஆளக் கூட்டியாராம வந்துட்டியளே."

அண்ணாச்சி திரும்பி என்னைக் காட்டினார். "இங்கனதான உக்காந்திருக்காரு?"

மாடசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. "இவரா? ஆளத் தெரியாது அண்ணாச்சி. எங்களுக்குச் சத்தந்தான் தெரியும்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. ஸ்பீக்கர்களெல்லாம் சனத்தைப் பார்த்து நிற்கின்றன. மேடையில் இருக்கும் எங்களுக்கு அவற்றின் முதுகுதான். டப்பா போடும் சத்தம் என் காலோடு நின்றுவிடும், வெளியே போகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கிடார் ஒயர் வழியாகவே போய்க் குழாயில் ஏறி, வாழைத் தோப்பெல்லாம் தாண்டி, இத்தனை வருஷமாக "டொக், டொக்" என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.

"அந்த எழவு எங்கவே?" என்றார் அண்ணாச்சி.

பையைத் திறந்தேன். துண்டைப் பிரித்தேன். குழு முழுவதும் முதன்முறையாகப் பெருங்காய டப்பாவைப் பார்த்தது. தபேலாக்காரர் டப்பாவைப் பார்த்தார், மூக்கைத் தொட்டுக்கொண்டார், அப்புறம் என்னைப் பார்த்தார். பல வருஷக் கேள்விக்கு அவருக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

விளக்கு எரியும் பெட்டியைக் கழற்றி டப்பாவை மாட்டினேன். அடுத்த பாட்டு. கிடார் இடம். துண்டு போட்டு மூடாமல், பச்சைப் பொத்தான்மேல் காலை வைத்து ஓங்கி ஒரு மிதி.

டொக்.

நான் இன்னும் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. சிவப்புத் துண்டுகள் குதித்துவிட்டன. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நாற்காலிப் பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "வந்துட்டாம்லே" என்றது எனக்கே கேட்டது. சந்தோஷத்தில் வழக்கமாகத் தப்பும் இரண்டு சுரத்தோடு கூட நாலு தப்பவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. வாசித்து முடித்து மறுபடி மிதித்தேன். டொக். இருபது பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோல் டப்பாவின் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். பெருங்காயம் கண்ணில் பட்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

திரும்பி வரும்போது அண்ணாச்சி, "சங்கரு, முன்னால வந்து உக்காரும்" என்றார். ஸ்டீபன் சார் தானாகவே ஸ்பீக்கர் பெட்டிமேல் போய் உட்கார்ந்து, மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு, காதில் குழாயை மாட்டி ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டே வந்தார். கதவு சாத்தும் சத்தம் இருந்தது. குதிரைக் குளம்பு இருந்தது. தண்ணீர் சொட்டுவதுகூட இருந்தது. பாளையங்கோட்டை வந்ததும் காதுக்குழாயைக் கழற்றினார். "எல்லாம் இருக்கு அண்ணாச்சி. டொக்கு இல்ல" என்றார். நல்ல மனுஷர், கணக்கு வாத்தியார்தானே, விடை வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடுவார்.

டொக்கு வீட்டம்மா

வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் செண்பகத்திடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"யாருக்குத்தான் தெரியாது? தசராவுக்கு இங்கன கச்சேரி நடக்கையில அடுப்படிலருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். டொக்குன்னா நீங்க. என்னைய ரேஷன் கடையில டொக்கு வீட்டம்மான்னுதான் கூப்பிடுதாங்க."

நாலு தெரு தள்ளி ஒரு ஆள் என்று தேடிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலேயே இருந்திருக்கிறாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க அதத் துண்டு போட்டு மூடி மூடி வைப்பிய. பாவமா இருந்துச்சு" என்றாள். இன்னொரு தோசை வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே நாங்குநேரிக்கு பஸ் ஏறி மச்சான் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எரிந்த மோட்டாரிலிருந்து கம்பியை உருவிக்கொண்டே கேட்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னம்லா, அது போகாதுன்னு" என்று மட்டும் சொன்னார். ஆனால் காப்பி வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு, அதே மாடி, அதே தண்ணீர்த் தொட்டி நிழல். நான் டப்பாவை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வந்தார். என் எதிரே நின்றார். திடீரென்று என் காலடியில் குனிந்தார்.

அப்பா வயதுள்ள மனுஷர். பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு எழுந்தேன். "அண்ணாச்சி, என்ன இது!"

"சும்மா இரும்வே. உம்மக் கும்பிடல. மைக்கு வைக்கேன்."

குட்டையான தாங்கி ஒன்றில் மைக்கை மாட்டி, பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் பைய நகர்த்தி வைத்தார். ஒரு தடவை மிதிக்கச் சொன்னார். கேட்டார். இன்னும் ஒரு விரற்கடை கிட்டத்தில் நகர்த்தினார். மறுபடி மிதிக்கச் சொன்னார். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற அதே முகம். பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"கிடாரக் கொஞ்சம் கொறச்சிக்கிடும். காலு நல்லாக் கேக்கணும்."

குறைத்துக்கொண்டேன்.